ஈரப் பலகையில் கால் வழுக்காமல் நிற்பது எப்படி, தெரியுமா?

படகின் எடை 59 கிலோ. அதை ஓட்டுகிறவரின் எடை 80 கிலோவுக்கு மேல்! ஒலிம்பிக்கில் ஆண்கள் தனி ஆளாக ஓட்டும் பாய்மரப் படகு ஐ.எல்.சி.ஏ. 7-இன் கணக்கு இது. பழைய ஆட்கள் இன்றும் அதை லேசர் என்றுதான் சொல்வார்கள். புரூஸ் கிர்பி என்ற கனடாக்காரர் 1969-ல் வரைந்தது. நீளம் 4.23 மீட்டர், பாய் ஏழு சதுர மீட்டர் சொச்சம். கவிழாமல் நிறுத்தி வைக்க அடியில் ஈயம் கிடையாது, இரும்பு கிடையாது. காற்று பாயை ஒரு பக்கம் தள்ளும்போது ஓட்டுகிறவர் தன் உடம்பையே மறுபக்கம் வெளியே நீட்டிப் படகை நிமிர்த்த வேண்டும். முழங்காலுக்கு மேலே அத்தனை உடம்பும் தண்ணீருக்கு மேல் அந்தரத்தில் இருக்கும். அப்போது ஆளையும் படகையும் சேர்த்துப் பிடித்திருப்பது எது தெரியுமா? படகின் நடுவில் நீளவாக்கில் ஓடும் ஒரு பட்டையும், அதற்கடியில் மாட்டிய இரண்டு புறங்கால்களும்தான். வேறு ஒன்றுமே இல்லை!

ஆகவே சின்னப் பாய்மரப் படகில் பாயைப் பற்றிப் பேசுமுன் பாதத்தைப் பற்றிப் பேச வேண்டும். அதற்குத் திருவனந்தபுரத்தைவிடப் பொருத்தமான ஊர் ஏது? வடக்கே அஞ்சுதெங்கிலிருந்து வலியதுறை, பூந்துறை, விழிஞம், பூவார் வழியாகத் தெற்கே பொழியூர் வரை நீளும் இந்தக் கரை, கட்டுமரக்காரர்களின் கரை. அதற்கப்புறம் குமரி மாவட்டத்தின் தூத்தூர் வட்டாரம். அங்கும் அதே கடல், கொண்டு கொடுத்த அதே சொந்தம்.

கட்டுமரத்தில் உட்காரப் பலகை கிடையாது, பிடித்துக்கொள்ள விளிம்பு கிடையாது. இலேசான மரங்களைச் சீவிச் சேர்த்துக் கயிற்றால் கட்டியது, அவ்வளவே. அலை ஏறி வந்து அப்படியே வழிந்து போகும்; தண்ணீர் தேங்க இடமே இல்லாததால் இறைக்கவும் வேண்டாம். இன்றைய பந்தயப் படகுகளில் உள்ளே வந்த தண்ணீர் தானாக வெளியேறும்படி அமைத்திருப்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். கட்டுமரத்தில் அது பிறவிக் குணம்! அந்த ஈர மரத்தில் மண்டியிட்டும் நின்றும் துடுப்பு வலித்து, கச்சான் காற்றில் பாய் விரித்து, அலை உடைகிற இடத்தைத் தாண்டிப் போனவர்கள் எல்லாரும் வெறுங்காலோடு போனவர்கள். மரமும் மரமும் சேரும் பள்ளமும், குறுக்கே ஓடும் கயிற்றுக் கட்டும்தான் பாதத்துக்குப் பிடி. படகில் செருப்போடு ஏறுவதைப் பல ஊர்களில் இன்றும் விரும்பமாட்டார்கள்.

அந்தக் கயிறும் சாதாரணமானதல்ல. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1695-ல் கோட்டை கட்டிய அஞ்சுதெங்கு, கயிறுச் சந்தையில் ஒரு தரத்துக்கே பெயராக நிற்கிற ஊர். தேங்காய் நாரில் லிக்னின் என்ற மரச்சத்து மிக அதிகம். அதனால் உப்புத் தண்ணீரில் ஊறினாலும் சீக்கிரம் மக்காது. சொரசொரப்பாகவும் இருக்கும், மிதக்கவும் செய்யும். ஈரக் காலுக்கும் ஈரக் கைக்கும் பிடி தர அதைவிட நல்ல சரக்கு அந்தக் காலத்தில் வேறு எங்கே கிடைத்திருக்கும்!

சரி, வெறுங்கால் எப்படி வழுக்காமல் நின்றது? நெடுநேரம் தண்ணீரில் கிடந்தால் விரல் நுனி ஊறிச் சுருங்கும் அல்லவா? தோல் தண்ணீரைக் குடித்து உப்புவதால்தான் அப்படி ஆகிறது என்று நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை! அது நரம்பு இடும் கட்டளை. நரம்பு அறுபட்ட விரலை எவ்வளவு நேரம் தண்ணீரில் வைத்தாலும் சுருங்காது என்பதை மருத்துவர்கள் 1930-களிலேயே கவனித்துவிட்டார்கள். தோலுக்கடியில் இரத்தக் குழாய்களை உடம்பே இறுக்கிக்கொள்வதால் மேல்தோல் உள்ளே இழுபட்டு வரிவரியாகிறது. எதற்காக? இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் 2013-ல் ஒரு சோதனை வைத்தார்கள். தண்ணீருக்குள் கிடந்த கண்ணாடிக் கோலிகளையும் தூண்டில் ஈயக் குண்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து மாற்றிப் போடச் சொன்னார்கள். விரல் சுருங்கியவர்கள் சுருங்காதவர்களைவிட வேகமாக முடித்தார்கள்! அடுத்த ஆண்டு இன்னொரு குழு இதை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் 2021-ல் வந்த ஆய்வு, சுருங்கிய விரலுக்கு ஈரப்பொருளைப் பிடிக்கக் குறைந்த இறுக்கமே போதும் என்று காட்டியது. விரல் நுனியில் அந்த வரிகள் தண்ணீரை ஒதுக்கி வெளியேற்றுகின்றன என்பதே நம்பத் தகுந்த விளக்கம். கால் விரலும் அப்படித்தான் சுருங்குகிறது. கடலில் இறங்கிய அரை மணி நேரத்தில் உடம்பு தனக்குத் தானே ஒரு பிடிமானத்தைச் செய்துகொள்கிறது என்றால், இதைவிட அதிசயம் வேண்டுமா?

இன்னொன்றையும் கேளுங்கள். செருப்பே போடாமல் வளர்ந்த கால், செருப்புக்குள் வளர்ந்த காலைப் போல இருக்காது. 1992-ல் மணிப்பாலைச் சேர்ந்த மருத்துவர்கள் 2300 பிள்ளைகளின் பாதச் சுவட்டைப் பார்த்தார்கள். செருப்பு, ஷூ போட்டு வளர்ந்தவர்களிடையே தட்டைப்பாதம் அதிகமாக இருந்தது. வெறுங்காலோடு திரிந்தவர்களிடையே குறைவு. 2009-ல் பெல்ஜிய ஆய்வாளர்கள் தென்னிந்தியாவுக்கே வந்து, வாழ்நாள் முழுவதும் வெறுங்காலோடு நடந்தவர்களின் பாதத்தை அளந்தார்கள். முன்பாதம் அகலமாக இருந்தது. உடம்பின் பாரம் பாதம் முழுவதும் பரவலாக இறங்கியது. பூந்துறைக் கரையில் வலை இழுக்கும் பெரியவர்களின் விரிந்த பாதங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

பிறகு வெறுங்காலே போதுமே, ஷூ எதற்கு? கோவளத்துப் பாறைகளைக் கேட்டால் சொல்லும். அங்கும் விழிஞத்திலும் ஆட்கள் முங்கிப் பிடிக்கிற சிப்பி இருக்கிறதே, பழுப்பு ஓட்டுச் சிப்பி, அதன் ஓட்டு விளிம்பு பாதத்தைக் கிழித்துவிடும். படகைத் தள்ளி இறக்கும்போது பந்தயக்காரர்களுக்கும் காலில் அடிபடும். ஆனால் அந்தச் சிப்பியைக் கோபித்துக்கொள்ள முடியாது. ஈரத்தில் பிடித்து நிற்கும் வித்தையில் உலகத்துக்கே வாத்தியார் அதுதான்! அலை அடிக்கிற பாறையில், உப்புத் தண்ணீருக்குள்ளேயே, நூல் நூலாக ஒரு புரதத்தைச் சுரந்து ஒட்டிக்கொள்கிறது. மனிதன் செய்கிற பசைகளில் பெரும்பாலானவை ஈரத்தைக் கண்டால் தோற்றுப்போகும். சிப்பியின் புரதத்தில் டோப்பா என்ற ஒரு வேதிப்பொருள் இருக்கிறது. அது நீரை விலக்கிப் பாறையோடு பிணைகிறது. 1980-களின் தொடக்கத்தில் அதைக் கண்டுபிடித்ததிலிருந்து, ஈரமான உடம்புக்குள் காயத்தை ஒட்டும் மருத்துவப் பசைகளை அதைப் பார்த்தே உருவாக்க முயன்று வருகிறார்கள். நம் ஊர்த் தட்டில் சிப்பி வறுவலாக வருகிற பிராணி!

காலை எங்கே மாட்டுவது என்பதற்கு வருவோம். உடம்பை வெளியே நீட்டிப் படகை நிமிர்த்தும் வித்தை யாருடையது தெரியுமா? இலங்கையின் மேற்கு, தெற்குக் கரைகளில் ஒரு பக்கம் மிதவைக் கட்டை வைத்த பாய்ப் படகுகள் ஓடின. காற்று ஏறினால் ஆட்கள் அந்தக் கட்டையை இணைக்கும் வளைந்த கழிகளின்மேல், கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு நடந்து போய் நிற்பார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அதைப் பார்த்த ஐரோப்பியர்கள் மலைத்துப்போய் எழுதி வைத்தார்கள்: அங்கே காற்றின் பலத்தைச் சொல்ல ஒரு ஆள் காற்று, இரண்டு ஆள் காற்று, மூன்று ஆள் காற்று என்றே கணக்காம்! வெளியே எத்தனை பேர் போய் நிற்க வேண்டியிருக்கிறதோ, காற்று அவ்வளவு பலம்.

இந்த வித்தை நம் பாக் நீரிணையிலும் உண்டு. தொண்டிப் பக்கத்துப் படகுகளில் குறுக்கே ஒரு நீளப் பலகையைக் கட்டி, காற்று வரும் பக்கமாக நீட்டி, அதன் மேல் ஆட்கள் ஏறி உட்காருவார்கள். மதராஸ் மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகுகளைப் பற்றி 1920-ல் எழுதிய நூலில் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். பலகை நுனியில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குப் பட்டை கிடையாது, ஷூ கிடையாது. சமநிலை ஒன்றுதான் துணை. தொண்டி, நம்புதாளை பக்கம் திருவிழாக்களில் நடக்கும் பாய்மரப் படகுப் போட்டியை ஒருமுறை நேரில் பாருங்கள். ஒலிம்பிக்கைத் தொலைக்காட்சியில் பார்ப்பதைவிட அது எனக்கு மேல்.

இதே யோசனை இங்கிலாந்தில் 1938-ல் எப்படி வந்தது தெரியுமா? பாய்மரக் கம்பத்தின் உயரத்திலிருந்து ஒரு கம்பி. அதில் இடுப்புவாரை மாட்டிக்கொண்டு, படகின் விளிம்பில் பாதத்தை ஊன்றி, உடம்பைக் கிடையாக நீட்டி நிற்பது. ட்ரபீஸ் என்கிறார்கள். அந்த ஆண்டு வேல்ஸ் இளவரசர் கோப்பையில் அதைக் கட்டி வந்து ஜெயித்தவர்கள் ஜான் வின்டரும் பீட்டர் ஸ்காட்டும். இப்படி ஒரு சாதகமா என்று அந்த வகைப் படகில் உடனே தடை போட்டுவிட்டார்கள்! யார் இந்தப் பீட்டர் ஸ்காட்? தென்துருவத்துக்குப் போய் 1912-ல் பனியில் உயிரைவிட்ட கேப்டன் ஸ்காட்டின் மகன். 1936 ஒலிம்பிக்கில் பாய்மரப் படகில் வெண்கலம் வாங்கியவர். உலக வனவிலங்கு நிதியத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அதன் பாண்டா சின்னத்தை வரைந்தவரும் அவரே! ட்ரபீஸில் கால் ஊன்ற இருப்பது ஒரு கை அகலம்கூட இல்லாத விளிம்பு. பாதம் வழுக்கினால் ஆள் கம்பியில் ஊஞ்சலாடிப் படகின் முன்பக்கம் போய் மோதுவார். கவிழ்ந்த படகுக்கடியில் கொக்கி சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்பதால், இழுத்தால் உடனே கழன்றுவிடும் கொக்கி வேண்டும் என்று 2023 முதல் உலகப் பந்தய விதிகள் கட்டாயமாக்கியிருக்கின்றன.

இனி ஷூ. இதில் இரண்டு நாய்கள் வருகின்றன!

முதல் நாயின் பெயர் பிரின்ஸ். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் பால் ஸ்பெரி என்பவர் தன் பாய்மரப் படகின் ஈரத் தளத்தில் வழுக்கிக் கடலில் விழுந்தவர். குளிர்காலத்தில் ஒருநாள் தன் நாய் பனிக்கட்டியின் மேல் வழுக்காமல் ஓடுவதைப் பார்த்தார். பாதத்தைத் தூக்கிப் பார்த்தால் மெல்லிய வெடிப்புகள், பிளவுகள். உடனே ரப்பர் அடிப்பாகத்தில் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிப் பார்த்தார். 1935-ல் உலகின் முதல் படகு ஷூ பிறந்தது! ஈரத் தளத்தில் நாம் வழுக்குவது தளத்தால் அல்ல. காலுக்கும் தளத்துக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும் மெல்லிய தண்ணீர்ப் படலத்தால். பாதத்தை அழுத்தும்போது அந்தத் தண்ணீர் ஓடிப்போக ஒரு வழி வேண்டும். வயலுக்கு வடிகால் வெட்டுவதுபோல அந்தக் கீறல்கள் வழி விடுகின்றன. ரப்பர் தளத்தைத் தொடுகிறது. ஆழமான பெரிய பள்ளங்கள் சேற்றுக்கு நல்லவை. படகுக்கு வேண்டியது நெருக்கமான மெல்லிய கீறல். கடையில் வாங்கும்போது அடிப்பாகத்தை வளைத்துப் பாருங்கள். கீறல் வாய் திறக்க வேண்டும். அடிப்பாகம் ஏன் பெரும்பாலும் வெள்ளையாக இருக்கிறது? ரப்பரைக் கறுப்பாக்குவது அதில் சேர்க்கும் கரித்தூள். அது தளத்தில் கோடு கோடாகக் கறை விடும்.

இரண்டாவது நாய் சுவிட்சர்லாந்துக்காரரான ஜார்ஜ் டி மெஸ்ட்ரலுடையது. 1941-ல் மலையில் நடந்துவிட்டு வந்தவர், தன் உடுப்பிலும் நாயின் மயிரிலும் ஒட்டியிருந்த முட்காய்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். ஆயிரம் சின்னக் கொக்கிகள்! அதிலிருந்து வந்ததுதான் வெல்க்ரோ. படகு ஷூவில் கணுக்காலை இறுக்கும் பட்டையும், பாய்க்கயிறு பிடிக்கும் கிளவுஸின் மணிக்கட்டுப் பட்டையும் இன்று அதனால்தான் நிற்கின்றன. கிளவுஸில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வெட்டித் திறந்திருப்பது எதற்கு? முடிச்சைத் தடவி அவிழ்க்க. கயிறு ஓடித் தேயும் உள்ளங்கைக்கு மட்டும் இரட்டைத் துணி.

டிங்கி என்கிற சின்னப் பாய்மரப் படகை ஒலிம்பிக்கில் ஓட்டுகிறவர்களின் ஷூ, ஸ்பெரியின் ஷூவைப் போல இருக்காது. கணுக்காலுக்கு மேல் ஏறும் பூட்ஸ். அடிப்பாகத்தைவிட மேல்பக்கத்தில்தான் அக்கறை அதிகம், ஏனென்றால் பட்டை உராய்வது புறங்காலில். அங்கே கெட்டியான ரப்பர்த் திண்டு வைத்திருப்பார்கள். உள்ளே தண்ணீர் புகுந்து ஷூ கழன்று வந்தால் ஆளும் கடலில்! ஆகவே தோலோடு தோலாகப் பிடிக்கும் அளவு வேண்டும். கால்சட்டையிலும் ஒரு ரகசியம்: தொடைக்குப் பின்னால் ஃபைபர் பட்டிகள் செருகியிருக்கும். படகின் விளிம்பு ஒரே இடத்தில் வெட்டாமல் பாரத்தைப் பரப்பிவிடுவதற்கு. இவ்வளவு இருந்தும் தொடைத் தசை எரியும். நம்மவர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைப் பெண் நேத்ரா குமணன் 2009-ல் கோடைப் பயிற்சி முகாமில் முதன்முதலாகப் படகேறி, 2021-ல் ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனவர். வேலூரில் பிறந்த இராணுவ வீரர் விஷ்ணு சரவணன், 2023 ஆசிய விளையாட்டில் ஐ.எல்.சி.ஏ. 7-ல் வெண்கலம் வாங்கினார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் விஷ்ணு 18-ஆவது, நேத்ரா 21-ஆவது. அந்த எண்களுக்குப் பின்னால், பட்டைக்கடியில் புறங்கால் தேய்ந்த ஆயிரக்கணக்கான மணி நேரங்கள் இருக்கின்றன என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை.

உடுப்பையும் எடை போடுவார்கள், தெரியுமா? அதுவும் நனைத்து! முன்னொரு காலத்தில் பந்தயக்காரர்கள் கம்பளிச் சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, வேண்டுமென்றே நனைத்துக்கொண்டு போவார்கள். உடம்பின் கனம் கூடினால் படகு நிமிரும், வேகம் கூடும். முதுகெலும்பு என்ன ஆகும்? பலருக்கு முதுகு போயிற்று. இப்போது பொது விதி: போட்டியாளர் அணிவதும் சுமப்பதும் 8 கிலோவைத் தாண்டக் கூடாது. தண்ணீரில் நன்றாக முக்கி, ஒரு நிமிடம் வடியவிட்டு நிறுக்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே அணிவது கணக்கில் வராது. ஷூவுக்கு விலக்கு!

திருவனந்தபுரத்தில் என்ன போட வேண்டும்? ஐரோப்பாவிலிருந்து வரும் கனமான நியோப்ரீன் பூட்ஸ் இங்கே வேண்டாம். நியோப்ரீன் 1930-ல் அமெரிக்காவின் டுபான்ட் ஆய்வகத்தில் பிறந்த செயற்கை ரப்பர். அதன் நுரைக் குமிழிகள் சூட்டை வெளியே விடாது. குளிர்கடலுக்காக அதில் முழு உடுப்பு செய்து பார்த்த ஹியூ பிராட்னர், அணுகுண்டுத் திட்டத்தில் வேலை செய்த இயற்பியலாளர்! நம் கடலோ ஆண்டின் பெரும்பகுதி வெதுவெதுப்பானது. ஐந்து மில்லிமீட்டர் பூட்ஸில் கால் வெந்துபோகும். இரண்டு மில்லிமீட்டர் போதும். ஷூவைக் கழற்றியதும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். தேங்காய் எண்ணெய் தேய்த்த காலோடு படகில் ஏறாதீர்கள். வெயில் க்ரீமைத் தொடைக்குப் பின்னால் தடவாதீர்கள். எண்ணெய் பட்ட ஃபைபர் தளம்போல் வழுக்குவது வேறில்லை. 1980-களில் ஒட்டுப்பலகைப் படகுகளும், பின்னால் ஃபைபர் படகுகளும் வந்தபோது நம் மீனவர்கள் சந்தித்த புதுத் தொல்லையும் இதுவே. மரம் காலைப் பிடித்தது; பளபளக்கும் ஃபைபர், மீன் கோழை பட்டால் பிடிக்காது. பெயின்ட் காய்வதற்குள் சலித்த மணலைத் தூவிவிடுவது மலிவான, நல்ல வைத்தியம்.

காலின் பிடி தப்பினால் அடுத்த பிடி லைஃப் ஜாக்கெட்தான். தண்ணீரில் மிதக்க மனித உடம்புக்கு வேண்டிய உதவி வெறும் சில கிலோதான், நம்ப முடிகிறதா? டிங்கிக்காரர்கள் போடும் ஜாக்கெட் 50 நியூட்டன். ஏறத்தாழ ஐந்து கிலோவைத் தூக்கும் பலம். நீந்தத் தெரிந்து, பக்கத்தில் மீட்புப் படகும் இருப்பவர்களுக்கு அது போதும். கொந்தளிக்கும் கடலில் மயங்கிக் கிடப்பவரையும் முகம் மேலே திரும்பும்படி புரட்ட 150 நியூட்டன் வேண்டும். கரை கண்ணுக்குத் தெரியாத தூரம் போகிறவர்கள் அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது பூந்துறையும் விழிஞமும் தூத்தூரும் இழந்த உயிர்களை இந்தக் கரை மறக்கவில்லை. முதலப்பொழித் துறைமுக வாயில் இன்றும் படகுகள் கவிழ்கின்றன. ஜாக்கெட் வெக்கையாக இருக்கிறது, வலையில் மாட்டுகிறது என்று மீனவர்கள் சொல்வது உண்மை. அதற்கு விடை ஜாக்கெட்டைக் கழற்றி வைப்பதல்ல, வெக்கையில்லாத ஜாக்கெட்டைத் தைப்பது.

கடைசியாக ஒன்று. இந்தியாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் 1902-ல் பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் போடப்பட்டது. இன்றும் நாட்டின் இயற்கை ரப்பரில் பெரும்பங்கு கேரளத்தினுடையது. கோட்டயமும் கோழிக்கோடும் செருப்புக்குப் பேர்போனவை. இருந்தும் ஈரப் படகுக்கென்றே மெல்லிய கீறல் போட்ட, நம் ஊர் அகலப் பாதத்துக்குப் பொருந்துகிற, ஒரு மீனவரோ மீனவர் வீட்டுப் பிள்ளையோ வாங்கக்கூடிய விலையிலான ஒரு ஷூ நம் கரையில் பரவலாகக் கிடைப்பதில்லை. வெளிநாட்டு அச்சில் வார்த்த ஷூ இந்த அகலக் கால்களைக் கடிக்கும். செருப்புத் தொழிலில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒருநாள் விடியற்காலையில் விழிஞம் மீன்பிடித் துறைமுகத்துக்கு வாருங்கள். படகிலிருந்து இறங்குகிறவர்களின் பாதங்களை அளவெடுத்துக்கொண்டு போய், அந்த அளவில் ஒரு அச்சு செய்யுங்கள்.